ஒரே வீட்டில் இரண்டு மேடைகள்

அவையோருக்கு வணக்கம்.

1988இல் வெளிவந்த 'அஷீ ஹீ பன்வாபன்வீ' என்ற மராத்திப் படத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கதை உங்களுக்குப் புதிதாக இருக்காது. புனே நகரில் நான்கு இளைஞர்கள் குடியிருக்க இடமில்லாமல் நிற்கிறார்கள். லீலாபாய் காள்போர் என்ற வீட்டுக்கார அம்மா, குடும்பஸ்தர்களுக்கு மட்டும்தான் வீடு என்று சொல்லிவிடுகிறார். வேறு வழியில்லை. இருவர் சேலை கட்டிக்கொண்டு மற்ற இருவருக்கும் மனைவியாகிவிடுகிறார்கள். 1995இல் வந்த நம்முடைய 'ஆணழகன்' பார்த்தவர்களுக்கு இந்த முடிச்சு தெரியும். மராத்திக்காரர்களுக்கும் இது சொந்தக் கதை அல்ல. 1966இல் ஹிருஷிகேஷ் முகர்ஜி இந்தியில் எடுத்த 'பீவி அவுர் மக்கான்' படத்திலிருந்து எடுத்துக்கொண்டதுதான்.

ஆனால் இந்தக் கதைக்கு மராத்தியில் கிடைத்த ஆயுள் வேறு எங்கும் கிடைக்கவில்லை. "தனஞ்ஜய் மானே இங்கேதான் இருக்கிறாரா?" என்று, அந்த நால்வரில் ஒருவரைத் தேடி வாசலில் நின்று கேட்கிற ஒரு சாதாரண வசனத்தை மகாராஷ்டிரத்தில் இன்றும் நண்பர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரிக்கிறார்கள். படம் வந்தபோது பிறந்திராத பிள்ளைகளுக்கும் அது மனப்பாடம். இரவல் கதை எப்படி இவ்வளவு ஆழமாக வேரூன்றியது? மராத்தி நாடக மேடையின் இரண்டு மரபுகளை அந்த வாடகை வீட்டுக்குள் கொண்டுவந்து குடிவைத்ததால்தான் என்பது என் எண்ணம்.

அந்த இரண்டு சேலைகளையும் கவனியுங்கள். படத்தை இயக்கிய சச்சின் பில்காவ்கரே சுதாவாக வருகிறார். நடையில் நளினம், பார்வையில் கூச்சம். பெண்தான் என்று நம்பிவிடலாம். லக்ஷ்மிகாந்த் பேர்டே பார்வதியாக வருகிறார். அவர் உடம்பு ஒரு கணமும் சேலைக்குள் அடங்க மறுக்கிறது.

சுதாவுக்குக் கலைவழிப் பாட்டனார் பால கந்தர்வர். 1888இல் பிறந்த நாராயண் ஸ்ரீபாத் ராஜ்ஹன்ஸ் என்ற அந்தக் கலைஞர், 'சங்கீத் நாடக்' என்னும் இசை நாடக மேடையில் பெண் வேடத்துக்கே அரசர். 'மானாபமான்' நாடகத்தில் பாமினி, 'சுயம்வர்' நாடகத்தில் ருக்மிணி, 'ஏகச் ப்யாலா'வில் குடிகாரனின் மனைவி சிந்து. அவர் மேடையில் சேலை கட்டிய பாங்கையும் பூ வைத்த பாங்கையும் பார்த்து மராத்தியக் குடும்பப் பெண்கள் தங்களை அலங்கரித்துக்கொண்டார்கள். ஓர் ஆண், பெண்களுக்கே அழகின் இலக்கணமாக இருந்த காலம் அது. அங்கே பெண் வேடத்தைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. கண் கலங்கினார்கள், பாட்டை மறுபடி மறுபடி பாடச் சொல்லிக் கேட்டார்கள். படம் நடக்கிற அதே புனேயில் இன்று அவர் பெயரில் ஒரு பெரிய நாடக அரங்கம் நிற்கிறது.

பார்வதி வேறு குலம். அவள் மகாராஷ்டிரத்துக் கிராமக் கூத்தான தமாஷாவிலிருந்து வருகிறாள். தமாஷாவில் கணபதி வணக்கம் முடிந்ததும் 'கவளண்' என்றொரு பகுதி உண்டு. ஆய்ச்சியர் மதுராவின் சந்தைக்குப் பால், தயிர் விற்கப் போகிறார்கள். கண்ணனும் அவன் தோழன் பெந்த்யாவும் வழிமறிக்கிறார்கள். ஆய்ச்சியருக்குத் துணையாக ஒரு கிழவி வருவாள். அவள் பெயர் மாவ்ஷி, அதாவது சித்தி. அவளாக நடிப்பவர் ஆண். தலைக்கு மேல் முக்காட்டை இழுத்துவிட்டால் போதும், வேடம் முடிந்தது. இவர் ஆண்தான் என்பது கூட்டத்துக்குத் தெரியும், தெரிய வேண்டும் என்பதற்காகவே அவரும் ஆடுவார். டோலகி மேளம் ஒலிக்கும் இடைவெளியில் அந்தச் சித்தி கண்ணனையே வாயடைக்க வைப்பாள். பேர்டேயின் பார்வதியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மாவ்ஷிதான் கண்ணில் தெரிகிறாள்.

இப்படித் தோன்றுவதற்கு வலுவான ஆதாரம் ஒன்று உண்டு. படத்தின் வசனகர்த்தா வசந்த் சப்னீஸ். 'விச்சா மாஜீ புரீ கரா' என்ற புகழ்பெற்ற லோகநாட்டியத்தை எழுதியவர் அவர்தான். தமாஷாவை நகரத்து மேடைக்குக் கொண்டுவந்த படைப்பு அது. நகைச்சுவை நடிகர் தாதா கோண்ட்கேயை நட்சத்திரமாக்கியதும் அதுதான். எதிராளியின் சொல்லைப் பிடித்து அதையே திருப்பி அடிக்கிற தமாஷாப் பேச்சு சப்னீஸின் கைவந்த கலை. லீலாபாய் வீட்டுக்கு வருமுன் தனஞ்ஜய் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் சர்போத்தார், மருந்து வாங்கித் தரச் சொல்லி 70 ரூபாய் கொடுத்திருப்பார். மருந்து கொண்டுவர வேண்டியவர் காலமாகிவிட்டார் என்கிறார் தனஞ்ஜய். அப்படியானால் என் 70 ரூபாய்? அதுவும் காலமாகிவிட்டது! தனஞ்ஜயாக வரும் அசோக் சராஃப் இதைச் சொல்லும்போது முகத்தில் துக்கம் தவிர வேறொன்றும் இருக்காது. அவர் தாதா கோண்ட்கேயின் 'பாண்டு ஹவல்தார்' படத்தில் நடித்துத் தேர்ந்தவர். சர்போத்தாராக வரும் சுதீர் ஜோஷியும் அதே கனத்தோடு அந்தச் செய்தியை வாங்கிக்கொள்வார். இருவரில் ஒருவர் புன்னகைத்திருந்தாலும் காட்சி கெட்டுப்போயிருக்கும்.

இசை அருண் பௌட்வால். காதல் பாட்டுகளில் சில கதையை நிறுத்தி வைக்கின்றன என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு பாட்டு, 'குணீதரீ யேணார் யேணார் க', அதற்கெல்லாம் ஈடுகட்டிவிடுகிறது. பார்வதி கர்ப்பம் என்று ஒரு பொய் சொல்லப்பட்டு, பொய்யைக் காப்பாற்ற வளைகாப்பு போன்ற 'டோஹாளே ஜேவண்' சடங்கே நடக்கிறது. வீட்டுக்கு ஒரு விருந்தாளி வரப்போகிறார் என்று பெண்கள் பாடுகிறார்கள். மெட்டில் துளி கேலி இல்லை. உண்மையான தாய்க்குப் பாடுவது போலவே, அத்தனை கனிவோடு பாட்டு போகிறது. நடுவில் மீசை மழித்த ஓர் ஆண் உட்கார்ந்திருப்பதால் நாம் சிரிக்கிறோம். மெட்டோ நம்மை உருகச் சொல்கிறது. மாவ்ஷியின் குறும்பும் பால கந்தர்வரின் உருக்கமும் ஒரே பாட்டில் சேர்ந்துவிட்டன. அதனால்தான் மராத்தியக் குடும்பங்கள் அந்தப் பாட்டைத் தங்கள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டன. உண்மையான கர்ப்பிணிகளுக்கு நடக்கும் டோஹாளே ஜேவண் விழாக்களில் இன்றும் அதைத்தான் போடுகிறார்கள், சுற்றி நின்று பெண்கள் ஆடுகிறார்கள்.