நெட் ஸ்டார்க்கைக் கண்டுபிடிச்ச அந்த ‘அவங்க’ யாரு?

வணக்கம் மக்களே. பக்கத்து வீட்டு குக்கர் விசில் நடுவுல கேட்கும், கண்டுக்காதீங்க.

போன வீடியோ பார்த்துட்டு, “ஜான் ஸ்னோவோட அம்மா லயானான்னு 2016லயே ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ சீரியல்ல காட்டிட்டாங்களே, இன்னும் என்ன தியரி?”ன்னு நிறைய பேர் கேட்டீங்க. நியாயம்தான். புதுசா வந்தவங்களுக்கு: நெட் ஸ்டார்க் வின்டர்ஃபெல்லோட பிரபு, லயானா அவரோட தங்கச்சி, ஜானை நெட் தன்னோட கள்ளக் குழந்தைன்னு சொல்லி வளர்க்கறார். ஆனா லயானா ஒரு கோபுரத்துல ஜானைப் பெத்துட்டு செத்துட்டாங்கறதுதான் தியரி. ஆனா சீரியலுக்கு மூலமான ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் புத்தகத்துல அது இன்னும் வெளிய வரல. 2011ல வந்த அஞ்சாவது புத்தகத்தோட கதை நிக்குது. இன்னைக்கு எனக்கு அம்மா யாருங்கறது பிரச்சினை இல்ல. அந்தக் கோபுரத்துல வேற யார் இருந்தாங்க? அதான் கேள்வி.

1996ல வந்த முதல் புத்தகம். கால் உடைஞ்சு, ஜுரத்துல கிடக்கற நெட்டுக்கு ஒரு பழைய கனவு வருது. லயானா இருந்த கோபுரத்துக்கு முன்னாடி வெள்ளை அங்கி போட்ட ராஜ காவலர் மூணு பேர், இவர் பக்கம் ஏழு பேர். சண்டை முடிஞ்சப்போ உயிரோட மிஞ்சினது நெட்டும் அவர் கூட வந்த நண்பர் ஹௌலண்ட் ரீடும் மட்டும்தான். அப்புறம் அந்தக் கோபுரத்தையே இடிச்சு, அந்தக் கல்லுல எட்டு சமாதி கட்டினாராம். எண்ணிப் பாருங்க: இவர் ஆளுங்க அஞ்சு, காவலர் மூணு. எட்டு. லயானா இதுல சேர்த்தி இல்ல, அவளை வின்டர்ஃபெல்லுக்குக் கொண்டுபோயிட்டார். கணக்கு சுத்தம்.

இப்போ அதே புத்தகத்துல நெட்டோட முதல் அத்தியாயத்துக்கு வாங்க. என் காப்பில இந்த வரியைச் சுத்தி பென்சில் வட்டம் போட்டிருக்கேன், தெரியுதா? லயானா இவர் கையை இறுக்கிப் பிடிக்கிறா, காய்ஞ்சு கறுத்த ரோஜா இதழ் அவ கையிலிருந்து கொட்டுது, உயிர் போகுது. அதுக்கப்புறம் இவருக்கு எதுவுமே ஞாபகம் இல்ல. உடம்பைப் பிடிச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்த இவரை ‘தே’ (they) கண்டுபிடிச்சாங்க, ரீட் அவ கையை எடுத்து விட்டார்னு வருது.

‘தே’! தமிழ்ல படிச்சா இது கண்ணுல படவே படாது. நாம ஒருத்தரையே மரியாதையா ‘அவங்க’ன்னுதான் சொல்வோம், என் மாமியார் மாமனாரைச் சொல்ற மாதிரி. ஆனா இங்க ரீட் மட்டும்னா ‘ஹீ’ன்னு எழுதிட்டுப் போயிருக்கலாமே? மிஞ்சினது ரெண்டு பேர், அதுல ஒருத்தர் நெட். அப்போ ரீட் கூட வந்தது யாரு?

அந்த ஜுரக் கனவுல நெட் லயானாவை ‘ரத்தப் படுக்கை’ல பார்க்கறார். இதே புத்தகத்துல மிர்ரி மாஸ் டூர்ங்கற வைத்தியக்காரி, கர்ப்பமா இருக்கற டெனேரிஸ்கிட்ட பிரசவத்தைப் பத்திப் பேசும்போதும் கிட்டத்தட்ட இதே சொல்தான். பிரசவம்னா மருத்துவச்சி வேணும், குழந்தைக்குப் பால் கொடுக்க ஆள் வேணும். அந்த மூணு வாள்காரங்களா வெந்நீர் வெச்சிருப்பாங்க?

என் சந்தேகம் வில்லா மேல. ஜானோட அம்மா யாருன்னு நெட்டோட நண்பரான ராஜா ராபர்ட் கிளறும்போது நெட் சொல்ற பேர் அதுதான். மூணாவது புத்தகத்துல எட்ரிக் டெய்ன்ங்கற பையன் நெட்டோட பொண்ணு ஆர்யாகிட்ட, வில்லா எங்க வீட்டுல வேலை செய்யறவ, எனக்கும் ஜானுக்கும் பால் கொடுத்தவன்னு சொல்றான். அவன் வீடு ஸ்டார்ஃபால். கோபுரத்துல செத்த மூணு காவலர்ல ஒருத்தரான ஆர்தர் டெய்னோட வீடும் அதேதான்! அவரோட வாளைத் திருப்பிக் கொடுக்க நெட் அங்கதான் போனார்.

இதுல ஒரு ஓட்டை இருக்கு, நானே சொல்லிடறேன். நெட் வில்லாவை ஸ்டார்ஃபால் போனப்புறம்தான் பார்த்தார்னு வெச்சாலும் கதை இடிக்காது. ஆனா அதுவரைக்கும் அந்த மலைப்பாதையில பச்சைக்குழந்தை எதைக் குடிச்சுது? ஆட்டுப்பால்னு சொல்றவங்க இருக்காங்க. எனக்கு ஒட்டல.

ஜானோட பிறப்பைப் பத்தின உண்மை தெரிஞ்சு உயிரோட இருக்கற ஒரே ஆள் ரீட்னுதான் எல்லாரும் சொல்றோம். அஞ்சு புத்தகத்துல அவரை ஒரு தடவை கூட நேர்ல காட்டல. என் தியரி சரின்னா, இன்னொரு சாட்சி ஸ்டார்ஃபால்ல குழந்தைகளுக்குப் பால் கொடுத்துக்கிட்டு இருந்திருக்கா, நாம யாரும் அவகிட்ட போய்க் கேட்கவே இல்ல.