பாயிண்டைக் கழற்றுவதற்கு முன் ஒரு சிறு ஒயரைப் பாருங்கள்

[காட்சி: விடியற்காலை. கும்பகோணம், அரசலாற்றங்கரையில் ஒரு கொட்டகை. ஓடு நனைந்து சொட்டுகிறது. உள்ளே ஒரு பழைய ஹெரால்டு கார். சாவி திருகும் ஒலி. எஞ்சின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை.]

ஐப்பசி மழை இரவெல்லாம் பெய்துவிட்டால் மறுநாள் காலை என் கார் இப்படித்தான் முனகும். பழைய பெட்ரோல் கார் வைத்திருக்கிறவர்களுக்கு இந்த ஒலி புதிதில்லை. இதற்கு மருந்தாக எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "பாயிண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு எலெக்ட்ரானிக் மாட்டிவிடுங்கள்." பாயிண்ட் என்பது பொறிக்கான மின்னோட்டத்தை வெட்டும் சிறு ஸ்விட்ச்; எலெக்ட்ரானிக் என்பது அதற்குப் பதிலாக மாட்டும் கிட். நானும் மாட்டினேன். மாட்டிய பிறகும் கார் நின்றது. அந்தக் கதையோடு சேர்த்துத்தான் இந்த வேலையைச் சொல்லப்போகிறேன்.

[காட்சி: காரின் முன்பகுதி முழுவதும் முன்னோக்கிச் சாய்கிறது. சக்கரத்தின் மேல் ஒருவர் உட்கார்கிறார்.]

ஹெரால்டு ஸ்போர்ட்ஸ் காரா என்று கேட்பீர்கள். இல்லை. ஆனால் 1962இல் வந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காருக்கு அடிச்சட்டம் தந்தது இந்த ஹெரால்டுதான். இரண்டையும் வரைந்தவர் ஒரே மனிதர், இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு நிறுவனம் இதைத் தயாரித்தது. ஆகவே ஸ்பிட்ஃபயருக்குச் சொல்லும் வைத்தியம் இதற்கும் பொருந்தும். பானெட்டைத் திறந்து டயர் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். இந்த வசதிக்காகவே இந்தக் காரை விற்க எனக்கு மனம் வருவதில்லை.

[காட்சி: காயில், டிஸ்ட்ரிபியூட்டர். மூடி திறக்கப்படுகிறது.]

முதலில் பொறி எப்படிப் பிறக்கிறது? பேட்டரியில் இருப்பது 12 வோல்ட். பிளக்கின் இடைவெளியைத் தாண்டப் பல ஆயிரம் வோல்ட் வேண்டும். போர்செட்டில் தண்ணீர் வேகமாக ஓடும்போது வால்வைப் பட்டென்று அடைத்தால் குழாயே அதிர்ந்து இடிக்கும் அல்லவா? ஓட்டம் திடீரென்று தடைபட்டால் அழுத்தம் எகிறும். மின்னழுத்தத்தை ஏற்றிக் கொடுக்கும் காயிலிலும் அதுதான் நடக்கிறது. பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலில் மின்னோட்டம் ஏறுகிறது. பாயிண்ட் திறந்ததும் அது அறுபடுகிறது. அறுபட்ட அந்த நொடியில் காயிலின் இரண்டாவது சுற்றில் மின்னழுத்தம் 20,000 வோல்ட் அளவுக்குப் பாய்கிறது. பக்கத்தில் இருக்கும் கண்டன்சர் அந்த வெட்டைக் கூர்மையாக்குகிறது. பாயிண்ட் கருகாமலும் காக்கிறது. 1910 வாக்கில் சார்லஸ் கெட்டரிங் காடிலாக் கார்களுக்குச் செய்து கொடுத்த முறை இது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக உலகம் இதை வைத்துத்தான் ஓடியது.

இந்த நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 4,500 சுற்று ஓடும்போது பாயிண்ட் நொடிக்கு 150 முறை திறந்து மூடுகிறது. ஒரு பொறிக்குக் கிடைக்கும் நேரம் 6.7 மில்லிநொடி. அதிலும் காயில் நிரம்பக் கிடைப்பது சுமார் 4.4 மில்லிநொடிதான்.

[காட்சி: மிக நெருக்கத்தில் பாயிண்டின் இரு முகங்கள்.]

இதைப் பாருங்கள். ஒரு முகத்தில் பள்ளம்; எதிர் முகத்தில் அதே அளவுக்கு ஒரு மேடு. உலோகம் இங்கிருந்து அங்கே இடம் மாறியிருக்கிறது. உப்புத்தாளால் தேய்த்து மீண்டும் மாட்டுவார்கள். சில நாள் ஓடும். இன்னொரு தேய்மானம் கண்ணுக்குத் தெரியாது. பாயிண்டைத் தள்ளித் திறக்கும் சுழல்மேடான காமைத் தொட்டுக்கொண்டிருக்கும் பாயிண்டின் குதிகால் தேயத் தேய இடைவெளி குறைகிறது. பாயிண்ட் தாமதமாகத் திறக்கிறது. பொறி விழும் நேரம், அதாவது டைமிங், பின்னுக்குப் போகிறது. பாயிண்ட் உட்கார்ந்திருக்கும், பொறியைப் பிளக்குகளுக்குப் பகிரும் பகுதிதான் டிஸ்ட்ரிபியூட்டர். லூகாஸ் நிறுவன டிஸ்ட்ரிபியூட்டருக்கு இடைவெளி 0.015 அங்குலம். இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் இல்லாதவர்கள் அட்டையை மடித்து வைத்து அமைப்பதையும் பார்த்திருக்கிறேன். வீடு போய்ச் சேரலாம், அவ்வளவுதான்.

எலெக்ட்ரானிக் கிட்டில் குதிகாலும் இல்லை, கருகும் முகமும் இல்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் சுழலும் ரோட்டருக்குக் கீழே ஒரு காந்த வளையம், பாயிண்ட் இருந்த தட்டின் மேல் ஒரு சிறு மின்னணு மாட்யூல். காந்தம் கடந்து போவதை உணர்ந்து மாட்யூல் மின்னோட்டத்தை வெட்டுகிறது. இதனால் குதிரைசக்தி கூடும் என்று விற்பவர் சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். கிடைப்பது வேறு: ஒருமுறை வைத்த டைமிங் அப்படியே நிற்கும், காலையில் சீக்கிரம் பிடிக்கும். எனக்கு அது போதும்.

[காட்சி: குடவாசல் சாலை. இருபுறமும் நாற்று நட்ட வயல்.]

இனி என் கதை. கிட் மாட்டிய மறுவாரம் நாகப்பட்டினம் புறப்பட்டேன். குடவாசல் தாண்டியதும் ஆக்சிலேட்டரை மிதித்தால் மிஸ்ஸிங், விட்டால் சரியாகிறது. பிறகு ஒரேயடியாக நின்றது. வயலில் எஞ்சின் பழுது பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக் அண்ணன் ஒருவர் வந்தார். "டீசல் லைனில் காற்றுப் புகுந்திருக்கும் தம்பி" என்றார். டெல்டாவில் எஞ்சின் வைத்தியம் அங்கிருந்துதான் தொடங்கும். பெட்ரோல் என்றதும் சிரித்தார், டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்தார். துண்டால் மூடியைத் துடைத்தார். பிறகு உள்ளேயிருந்த தட்டை விரலால் மெல்லத் திருப்பி, "இதைப் பார்த்தீர்களா?" என்றார்.

[காட்சி: தட்டையும் உடலையும் இணைக்கும் சிறிய எர்த் ஒயர். உறை பிரிக்கப்படுகிறது.]

விரல் நீளம்கூட இல்லாத எர்த் ஒயர். உறை முழுசாக இருந்தது. உள்ளே இரண்டே இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. மிதிக்கும்போது, எஞ்சினின் உறிஞ்சலால் டைமிங்கை முன்னுக்கு நகர்த்தும் வேக்குவம் அட்வான்ஸ் தட்டை இழுக்கும், தட்டு நகர்ந்ததும் இழை விலகும், பொறி போய்விடும். பாயிண்டுக்கும் அந்த ஒயர்தான் எர்த். நான் காசு கொடுத்து வாங்கிய மாட்யூலுக்கும் அதேதான். பழுது இருந்த இடத்தை விட்டுவிட்டு, அதன் பக்கத்தில் இருந்ததை மாற்றியிருக்கிறேன்.

எனவே கிட் வாங்கும் முன் மூடியைத் திறந்து அந்த ஒயரை இழுத்துப் பாருங்கள். ரோட்டர் தண்டைப் பக்கவாட்டில் அசையுங்கள். கையில் ஆட்டம் தெரிந்தால் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது. எலெக்ட்ரானிக் அதைக் கொஞ்சம் மறைக்கும், குணமாக்காது. மூடியின் உட்புறத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஒரு முனையிலிருந்து அடுத்த முனைக்குப் பென்சிலால் கிழித்தது போலக் கருங்கோடு ஓடினால், ஈரத்தில் மின்சாரம் அந்த வழியாகக் கசிகிறது. மூடியை மாற்றுங்கள். மார்கழிப் பனியிலும் கடற்கரை உப்புக்காற்றிலும் நம் பக்கம் இது அதிகம்.

[காட்சி: மல்டிமீட்டர், காயில்.]

அடுத்து, பேட்டரியில் எந்த முனை உடலோடு இணைந்திருக்கிறது என்று பாருங்கள். அறுபதுகளின் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். அதற்கான கிட் வேறு; மாற்றிக் கொடுத்தால் மாட்யூல் அந்தக் கணமே போய்விடும். காயிலின் ஒயர்களைக் கழற்றி மின்தடையை அளந்தால் ஏறக்குறைய 3 ஓம் காட்ட வேண்டும். குறைவான காயிலை மாட்டினால் மாட்யூல் சூடாகிச் சாகும். உலோகக் கம்பி உள்ள பழைய பிளக் ஒயர்களையும் மாற்றிவிடுங்கள். அவை கிளப்பும் இரைச்சல் மாட்யூலைக் குழப்பும்.

மாட்டுவது எளிது. ஒயர்களின் வரிசையை முதலில் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சிலிண்டர்களின் பொறி வரிசை 1-3-4-2. பாயிண்டும் கண்டன்சரும் வெளியே, மாட்யூலும் வளையமும் உள்ளே. நெகட்டிவ் எர்த் காரில் சிவப்பு ஒயர் காயிலின் பாசிட்டிவுக்கு, கறுப்பு நெகட்டிவுக்கு. டைமிங் லைட் வைத்து டைமிங்கைப் புதிதாக அமைத்தே ஆக வேண்டும். பழைய இடத்திலேயே இருக்கும் என்று விட்டுவிடாதீர்கள். எஞ்சின் ஓடாதபோது சாவியை ஆன் செய்துவைத்துப் பாட்டுக் கேட்கும் பழக்கமும் வேண்டாம்.

[காட்சி: டாஷ்போர்டு அறை. தகர டப்பா திறக்கிறது.]

கழற்றிய பாயிண்டைத் தூக்கி எறியவில்லை. மாட்யூல் போனால் முன்னறிவிப்பு இல்லாமல் போகும். இரவு ஒன்பது மணிக்குத் திருத்துறைப்பூண்டியில் அது கிடைக்காது. இந்தச் சீவல் டப்பாவில் பாயிண்ட், கண்டன்சர், ஃபீலர் கேஜ், குட்டைத் திருப்புளி நான்கும் இருக்கின்றன. கொட்டகையில் ஒருமுறை மாட்டிப் பார்த்தேன், டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு. இருபத்தைந்து நிமிடம் ஆனது.