பூக்காத முள்மரம்

எல்லோருக்கும் வணக்கம். அழைப்பிதழில் 'பேகன் ஆன்மிகம், பருவக் கதைகள், மூலிகைகள்' என்று பெரிய தலைப்பாகப் போட்டுவிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் அத்தனையையும் சொல்ல என்னால் ஆகாது. ஒரு மரத்தடியிலிருந்து ஆரம்பிக்கிறேன், எவ்வளவு தூரம் போக முடிகிறது என்று பார்ப்போம்.

1752, டிசம்பர் 24 இரவு. இங்கிலாந்தில், பக்கிங்ஹாம்ஷயரில் குவெயின்டன் என்றொரு ஊர். அந்தக் குளிரில் 2,000 பேருக்கு மேல் லாந்தரும் மெழுகுவர்த்தியுமாக ஒரு முள்மரத்தைச் சுற்றி நிற்கிறார்கள். மரம் பூக்கிறதா இல்லையா என்று பார்ப்பதற்காக.

விஷயம் இதுதான். அந்த ஆண்டுதான் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் பழைய ஜூலியன் நாட்காட்டியை விட்டுவிட்டு கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறியது. செப்டம்பர் 2ஆம் தேதி தூங்கப்போனவர்கள் மறுநாள் காலை 14ஆம் தேதியில் எழுந்தார்கள். இடையில் 11 நாட்களைக் காணோம். அப்படியானால் நாளை வரப்போகும் டிசம்பர் 25 உண்மையான கிறிஸ்துமஸ்தானா? யாரைக் கேட்பது? மரத்தைக் கேட்டார்கள். கிளாஸ்டன்பரியில் கிறிஸ்துமஸ் காலத்தில் பூக்கும் முள்மரம் ஒன்று உண்டு. அதன் கிளையிலிருந்து வளர்ந்தது இந்த மரம் என்று பேச்சு. அன்றைய பத்திரிகைச் செய்தி, மக்களுக்கு அந்த விஷயம் 'இந்த ஆண்டு மட்டும்' நினைவுக்கு வந்தது என்று ஒரு குத்தலும் குத்துகிறது. எழுதியவர் நல்ல குறும்புக்காரர்.

மரத்தில் ஒரு மொட்டுகூட இல்லை. சரி, நாளை கிறிஸ்துமஸ் இல்லை என்று கூட்டம் முடிவு கட்டிவிட்டது. மறுநாள் தேவாலயத்துக்குப் போக மறுத்தார்கள். விவகாரம் முற்றியதும், அக்கம்பக்கத்து ஊர்ப் பாதிரியார்கள் பழைய தேதியிலும் திருநாள் கொண்டாடப்படும் என்று அறிவித்துச் சமாதானம் செய்தார்கள்.

கேட்டால் சிரிப்பு வருகிறது. ஆனால் அந்தக் கூட்டத்தின் யோசனையைக் கவனியுங்கள். நாளை என்ன நாள் என்பதைச் செடிகொடி சொல்ல வேண்டும், லண்டன் சொல்லக்கூடாது. நான் இன்று பேச வந்தது இதைப் பற்றித்தான். ஐரோப்பியக் கிராமத்து மரபு 'எப்போது' என்ற கேள்வியில் கெட்டி. 'எவ்வளவு' என்ற கேள்வியில் கோட்டை விட்டது. மூலிகை வைத்தியத்தின் நல்லதும் கெட்டதும் இந்த இரண்டு கேள்விகளுக்கு நடுவில்தான் கிடக்கின்றன.

முதலில் அந்தப் பெயர். பேகன் என்பது 'பாகானுஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நாட்டுப்புறத்தான் என்று பொருள். கிறிஸ்தவம் பரவிய காலத்தில், பழைய தெய்வங்களை விடாதவர்களை இப்படி அழைத்தார்கள். இன்று அதே பெயரைச் சிலர் விரும்பிச் சூட்டிக்கொள்கிறார்கள். 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 74,000 பேர் தங்கள் மதம் பேகன் என்று எழுதியிருக்கிறார்கள். அதன் ஒரு கிளையான, நவீன காலத்துச் சூனிய வழிபாடான விக்கா என்று எழுதியவர்கள் இன்னொரு 13,000 பேர்.

இவர்களுக்கு ஆண்டுச் சக்கரம் என்று ஒன்று உண்டு, எட்டுத் திருநாட்கள். கோடையின் மிக நீண்ட பகல், குளிர்காலத்தின் மிக நீண்ட இரவு, பகலும் இரவும் சமமாக வரும் இரண்டு நாட்கள். இவற்றுக்கு நடுநடுவே அயர்லாந்து மரபிலிருந்து வந்த நான்கு: பிப்ரவரித் தொடக்கத்தில் இம்போல்க், மே தொடக்கத்தில் பெல்டேன், ஆகஸ்ட் தொடக்கத்தில் லூனசா, அக்டோபர் முடிந்து நவம்பர் பிறக்கும் இரவில் சவின். பெல்டேன் அன்று இரண்டு தீ மூட்டி நடுவே கால்நடைகளை ஓட்டுவார்கள். மேய்ச்சலுக்கு அனுப்பும் முன் நோய் அண்டாமல் இருப்பதற்கு.

இந்தச் சக்கரம் ஆயிரமாயிரம் ஆண்டுப் பழமை என்று பலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். திருநாட்கள் தனித்தனியே பழையவை. எட்டையும் ஒரே வட்டத்தில் கோத்தது 1950களில், இங்கிலாந்தில். சூனியத் தடைச் சட்டம் 1951இல் நீக்கப்பட்ட பிறகு ஜெரால்ட் கார்ட்னர் விக்காவை வெளியே கொண்டுவந்தார். அவருடைய குழுவும், பண்டைய கெல்ட்டியப் பூசாரிகளான ட்ரூயிட்களின் மரபில் நாட்டம் கொண்ட அவரது நண்பர் ராஸ் நிக்கல்ஸும் சேர்ந்து வடிவம் கொடுத்தது இது. இதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை என்பது என் எண்ணம். எழுபது வருடக் கும்பிடும் கும்பிடுதான். பொய்யான வயது எதற்கு?

நிஜமான பழமை வேண்டுமானால் அயர்லாந்தின் நியூகிரேஞ்சுக்குப் போக வேண்டும். கி.மு. 3200 வாக்கில் கட்டிய கல்லறை மேடு, எகிப்துப் பிரமிடுகளுக்கும் மூத்தது. குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகல் வரும் நாட்களில் மட்டும், வாசலுக்கு மேலே உள்ள ஒரு சிறு திறப்பு வழியாக உதய சூரியனின் ஒளி நுழைந்து, நீண்ட நடையைத் தாண்டி உள்ளறைத் தரையைத் தொடும். சுமார் 17 நிமிடம், அவ்வளவுதான். கட்டியவர்களின் மொழி நமக்குத் தெரியாது, சாமி பெயர் தெரியாது. 'எப்போது' என்று அவர்கள் கேட்டது மட்டும் கல்லில் நிற்கிறது.

அப்புறம் செடிகளுக்கு வருவோம்.

ஜூன் 24 புனித யோவான் நாள். கோடைத் திருப்பத்தை ஒட்டி வரும் நாள். முந்திய இரவில் சொக்கப்பனைபோலத் தீ வளர்ப்பார்கள். வாசல்களில் ஒரு மஞ்சள் பூச்செடியைச் செருகி வைப்பார்கள், பேய் அண்டாது என்று. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்று அதற்குப் பெயர். இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஊசியால் குத்தியதுபோலப் புள்ளிகள் தெரியும். மொட்டை நசுக்கினால் விரலில் சிவப்புச் சாறு ஒட்டும். அதை யோவானின் ரத்தம் என்றார்கள். ஹைபெரிசின் என்கிறது வேதியியல்.

இந்தச் செடியை ஏனோதானோ என்று ஒதுக்க முடியாது. 2008இல், மருத்துவச் சோதனைகளைத் திரட்டி அலசும் காக்ரன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு 29 சோதனைகளை, 5,489 நோயாளிகளை அலசியது. மிதமான மனச்சோர்வில் அதன் சாறு வெற்று மாத்திரையைவிட நன்றாகவும், மருத்துவர் எழுதித்தரும் மாத்திரைக்குச் சமமாகவும் வேலை செய்ததாகக் கண்டது. பேய் ஓட்டும் செடி மனச்சோர்வை ஓட்டுகிறது என்றதும் எனக்குக்கூட உடம்பு கொஞ்சம் சிலிர்த்தது.

ஆனால் அதே செடி கல்லீரலைத் தூண்டி, வேறு மருந்துகளை வேகமாகக் கரைத்து வெளியேற்றச் செய்யும். கருத்தடை மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின், எச்.ஐ.வி. மருந்து, மாற்று உறுப்பை உடல் தள்ளிவிடாமல் காக்கும் சைக்ளோஸ்போரின் எல்லாவற்றின் பலமும் குறையும். மாற்று இதயம் வைத்த இருவருக்கு இந்தச் செடியின் சாற்றால் உடல் அந்த இதயத்தைத் தள்ளத் தொடங்கிய செய்தி 2000இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அதே ஆண்டு அயர்லாந்து அதை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்றது. 'இயற்கைதானே, என்ன செய்யப்போகிறது' என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு இதயங்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

மந்திரமும் மருந்தும் பிரிக்க முடியாமல் கலந்துகிடந்த காலம் அது. சுமார் ஆயிரம் ஆண்டுக்கு முந்திய பழைய ஆங்கில ஏட்டில் ஒன்பது மூலிகை மந்திரம் ஒன்று உண்டு. மக்வோர்ட் செடியை முதலில் அழைத்து, 'உன் பெருமையை மறந்துவிடாதே' என்கிற பாணியில் செடியிடமே பேசும். பாம்பை ஒன்பது துண்டாக வெட்டும் வோடன் தெய்வமும் அதில் வருவார், கிறிஸ்துவும் வருவார். எழுதியவருக்கு அதில் முரண்பாடு எதுவும் தெரியவில்லை. கிட்டத்தட்ட அதே காலத்து இன்னோர் ஏட்டில் கண்கட்டிக்கு ஒரு மருந்து இருக்கிறது: பூண்டு, வெங்காய வகை, ஒயின், மாட்டின் பித்தம், எல்லாம் பித்தளைப் பாத்திரத்தில் ஒன்பது இரவு. 2015இல் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஏட்டில் உள்ளபடியே செய்து பார்த்தார்கள். மருந்துக்கு மசியாத எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமியைக் கொன்றது. காய்களோடு ஒட்டிவந்த மண் கிருமிகளையும் அந்த ஒன்பது நாளில் தானே அழித்துத் தன்னைச் சுத்தமாக்கிக்கொண்டது.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த ஆள். வில்லியம் விதரிங், பர்மிங்ஹாம் மருத்துவர். 1775இல் ஒரு கைமருந்தைப் பற்றி அவரிடம் கருத்துக் கேட்கிறார்கள். ஷ்ராப்ஷயரில் ஒரு கிழவி பல காலம் ரகசியமாக வைத்திருந்தது, நீர் கோத்து உடம்பு வீங்கும் நோய்க்கு. பெரிய டாக்டர்கள் கைவிட்டவர்களைக்கூட அந்தம்மா சில நேரம் குணப்படுத்தியிருக்கிறார். கூடவே கடுமையான வாந்தியும் பேதியும். மருந்தில் இருபதோ அதற்கு மேலோ செடிகள். விதரிங் தாவரவியலும் அறிந்தவர். வேலை செய்வது ஃபாக்ஸ்குளோவ் ஒன்றுதான் என்று கண்டுகொண்டார். தேவதைகளின் கையுறை, பிணத்தின் மணி என்றெல்லாம் கதைப்பெயர் கொண்ட செடி. பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது.

இடையில் ஒன்று. அந்தக் கிழவிக்கு 'மதர் ஹட்டன்' என்று பல இடங்களில் பெயர் போட்டிருப்பார்கள். விதரிங் எழுதியதில் அந்தப் பெயரே கிடையாது. 1920களில் ஒரு மருந்து நிறுவன விளம்பரத்துக்காக வரைந்த படத்தோடு வந்து ஒட்டிக்கொண்டது அது. பெயர் தெரியாத ஒரு பெண்ணுக்கு நாம் பெயர் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டு, அவருடைய உண்மைப் பெயரைத் தேடாமலே விட்டுவிட்டோம்.

விதரிங் பத்து ஆண்டுகள் பார்த்தார். ஆரம்பத்தில் அளவு மிஞ்சிக் கொடுத்துவிட்டதையும் மறைக்காமல் எழுதினார். 1785இல் வெளிவந்த அவர் நூலில், பலித்தவை பலிக்காதவை இரண்டும் இருக்கின்றன. கண்ணுக்குப் பொருட்கள் பச்சையும் மஞ்சளுமாகத் தெரிந்ததை, நாடி தளர்ந்ததை, எதையும் விடவில்லை. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நாம் பழமொழியோடு நிறுத்திக்கொள்வோம். அவர் கிரெய்ன் கணக்கில் எழுதினார்: காய்ந்த இலைப்பொடி ஒன்றிலிருந்து மூன்று கிரெய்ன், நாளுக்கு இரண்டு முறை. ஒரு கிரெய்ன் என்பது சுமார் 65 மில்லிகிராம்.

அந்த அளவை அவர் எப்படிப் பிடித்தார்? வேரின் வீரியம் பருவத்துக்குப் பருவம் மாறுகிறது என்று விட்டுவிட்டார். இலையும் அப்படித்தான் மாறியது. ஆகவே செடி பூத்திருக்கும் நேரத்தில் மட்டும் இலை பறித்து, கவனமாக உலர்த்தினால், அளவு நிலைக்கும் என்று முடிவு செய்தார். பாருங்கள், 'எவ்வளவு' என்ற கேள்விக்கு விடை 'எப்போது' என்பதில் இருந்தது! கிழவியின் பாதியும் டாக்டரின் பாதியும் சேர்ந்த பிறகுதான் மருந்து மருந்தானது. பிற்பாடு 1930இல் அதன் உறவுச் செடி ஒன்றிலிருந்து டிகாக்சின் பிரித்தெடுக்கப்பட்டது. இன்றும் இதய நோயாளிகளுக்குத் தருகிறார்கள், ரத்தத்தில் அளவு பார்த்துப் பார்த்து. குணப்படுத்தும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடைவெளி அவ்வளவு குறைவு. பூக்காத பருவத்தில் ஃபாக்ஸ்குளோவ் இலையைக் காம்ஃப்ரி என்ற வேறொரு மூலிகை என்று நினைத்துத் தேநீர் போட்டுக் குடித்து ஆபத்தில் விழுந்தவர்கள் இருக்கிறார்கள். வேலியோரத்தில் இலை பறிக்கும் ஆசை வந்தால் இதை மறக்க வேண்டாம்.

வில்லோ பட்டையின் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1763இல் எட்வர்ட் ஸ்டோன் என்ற பாதிரியார், காய்ச்சல் ஈர நிலத்தில் வருகிறது, அதற்கு மருந்தும் ஈர நிலத்து மரத்தில்தான் இருக்கும் என்று யோசித்து, பட்டையை உலர்த்தி சுமார் 50 பேருக்குக் கொடுத்து ராயல் சொசைட்டிக்கு எழுதினார். தர்க்கம் தப்பு, பட்டை சரி. ஆஸ்பிரினுக்கு உறவான சரக்கு அதில் இருந்தது. ஆஸ்பிரின் என்ற பெயர்கூட, அதே வகைச் சரக்கு உள்ள மெடோஸ்வீட் செடியின் பழைய லத்தீன் பெயரான 'ஸ்பைரியா'விலிருந்து வந்தது.

மறுபடியும் முள்மரத்துக்கு வருகிறேன். ஹாதார்ன் என்ற முள்மரத்தின் பூவுக்கு ஆங்கிலத்தில் 'மே' என்றே பெயர். மே முதல் நாளில் அதை வெட்டிவந்து வாசலில் வைப்பது வழக்கம். 1752க்குப் பிறகு மே 1 பருவத்தில் 11 நாள் முன்னே வந்துவிட்டது, பல ஊர்களில் அன்று பூ கிடைக்கவில்லை. 2022இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 18ஆம் நூற்றாண்டிலிருந்து சேர்த்த பதிவுகளில் 406 வகைச் செடிகளின் முதல் பூப்பைக் கணக்கிட்டார்கள். 1987க்குப் பிறகு பிரிட்டனில் அவை முன்னைவிடச் சராசரியாக ஏறக்குறைய ஒரு மாதம் முந்திப் பூக்கின்றன. அன்று நாடாளுமன்றம் தேதியை நகர்த்தியது. இப்போது நகர்வது செடி.

பேகன் குழுக்களில் சிலர் பெல்டேனை மே 1 என்று வைத்துக்கொள்வதில்லை. தங்கள் பகுதியில் ஹாதார்ன் பூக்கும்வரை காத்திருப்பார்கள். இப்போது தென் இங்கிலாந்தில் வெதுவெதுப்பான வசந்தம் அமைந்தால், அவர்கள் ஏப்ரலிலேயே வேலியோரம் போய் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.