சுரங்கம் மூடிய பிறகும் ஓடும் கரிக்கோச்சி

வணக்கம் நேயர்களே. வன்னியில் இருந்துகொண்டு வேல்ஸ் நாட்டுக் கரிக்கோச்சி ஒன்றைப் பற்றி ஏன் கதைக்க வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள்.

அங்கே தவின் என்று ஒரு கடலோர ஊர். அதற்கு உள்ளே மலையில் சிலேட்டுக் கல் வெட்டுகிற சுரங்கம். கூரைக்குப் போடுகிற அந்தக் கல்லைக் கீழே இறக்கத்தான் 1865இல் தாலிலின் ரயில் பாதையைப் போட்டார்கள், அடுத்த வருடமே ஆட்களும் ஏறத் தொடங்கினார்கள். நீளம் 12 கிலோமீற்றர்கூட இல்லை. தண்டவாளங்களுக்கு இடையில் 686 மில்லிமீற்றர்தான், நம்முடைய வடக்குப் பாதையின் 1676இல் பாதிக்கும் குறைவு. எஞ்சின் இரண்டே இரண்டு: 1864இல் செய்த தாலிலின், 1866இல் செய்த டோல்கோக்.

1911இல் சுரங்கத்தையும் பாதையையும் வாங்கியவர் ஹெய்டன் ஜோன்ஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினர். நான் உயிரோடு இருக்கும்வரை கோச்சி ஓடும் என்று சொன்னார், ஓட்டியும் காட்டினார். 1946 கடைசியில் சுரங்கம் இடிந்து விழுந்து மூடப்பட்ட பிறகும் கோடைகாலத்தில் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடியது, அதுவும் கடைசிக் காலத்தில் டோல்கோக் ஒன்றை மட்டும் நம்பி. 1950இல் அவர் இறந்துபோனார். அந்த ஒக்டோபரிலேயே டொம் ரோல்ட் என்ற எழுத்தாளரும் நண்பர்களும் பர்மிங்காமில் கூட்டம் வைத்துச் சங்கம் அமைத்தார்கள், ஜோன்ஸின் மனைவியும் சம்மதித்தார், 1951 மே மாதம் சங்கத்தின் முதல் கோச்சி புறப்பட்டது. தொண்டர்கள் பொறுப்பெடுத்துக் காப்பாற்றிய முதல் ரயில் பாதை உலகத்திலேயே இதுதான்.

சுகமான வேலை என்று நினைக்காதீர்கள். கட்டைகள் உக்கி, புல்தான் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் மூடப்பட்ட இன்னொரு பாதையிலிருந்து, எஞ்சின் ஒன்றுக்கு 25 பவுண் கொடுத்து இரண்டு வாங்கினார்கள். ஒன்றின் சில்லு ஒடுக்கம், தண்டவாளம் அகன்றிருந்த இடங்களில் அது நடுவே இறங்கிவிட்டது. நீராவி எஞ்சின் சும்மா நின்றாலும் பழுதாகிற சாமான். நம் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சினால் கேத்திலில் வெள்ளையாகப் படிகிறதே, அப்படித்தான் கொதிகலனுக்குள்ளும் படியும். கழுவ வேண்டும், குழாய் மாற்ற வேண்டும், விடியமுன் நெருப்பு மூட்டினால்தான் காலைப் பயணத்துக்கு ஆவி கிடைக்கும். 1945க்குப் பிறகு ஓட முடியாமல் கிடந்த தாலிலின் எஞ்சின் 1958இல் திரும்ப ஓடியது. 2021இல் யுனெஸ்கோ அந்த சிலேட்டு நிலப்பரப்பை உலக மரபுரிமையாக அறிவித்தபோது இந்தப் பாதையும் அதற்குள் வந்தது.

சரி, இப்போது நம்மிடம் வருவோம். 1905இல் வன்னிக் காட்டை அறுத்துக்கொண்டு காங்கேசன்துறைவரை பாதை போனது. ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன் என்று ஊர்களின் சந்தையும் தபாலும் கோச்சியின் நேரத்துக்கு நடந்தன. 1990இல் ஓட்டம் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போயின. அவை எத்தனையோ உயிரைக் காத்தன, அதற்காக யாரையும் குறை சொல்ல மாட்டேன். 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்குத் திரும்ப ரயில் வந்தபோது எல்லாம் புதுசு. இடையில் கோச்சியையே பார்க்காமல் ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது.

வேல்ஸ்காரருக்கு எஞ்சினாவது மிஞ்சியது. நமக்கு மிஞ்சியிருப்பது ஆட்கள்தான். கேற் காவல் பார்த்தவர், கட்டை மாற்றிய கூட்டத்தில் நின்றவர், நிலையத்தில் மணி அடித்தவர், இவர்களில் பலருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. உங்கள் வீட்டில் அப்படி ஒரு தாத்தாவோ அம்மம்மாவோ இருந்தால் இந்தக் கிழமையே பக்கத்தில் இருந்து கைபேசியில் பதிவு செய்யுங்கள். எந்த நிலையத்தில், எந்த வருடம், என்ன வேலை, சம்பளம் எவ்வளவு, எல்லாம் கேளுங்கள். மூலையில் கிடக்கும் பழைய கைவிளக்கு, தண்டவாள ஆணி, பயணச்சீட்டு எதையும் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். படம் எடுத்து, யாருடையது, எங்கே கிடைத்தது என்று எழுதி, உங்கள் ஊர் நூலகத்தில் கொண்டுபோய்க் காட்டுங்கள்.