கடல் கொண்டதும் மண் மூடியதும்

(மதுரையில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

கடற்கரையே இல்லாத மதுரையில் கடலடித் தொல்லியலைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். தாமிரபரணிக் கரையின் கொற்கையும் வைகை முகத்துவாரத்து அழகன்குளமும் பாண்டியரின் தலைநகருக்குக் கடல்வாசல்களாக இருந்தவை. ஆகவே துறைமுகங்கள் எங்கே போயின என்ற கேள்வி நம்முடையதும்தான். அதற்கு விடை தேடுவோர் முதலில் தேட வேண்டியது மூழ்கிய நகரத்தை அன்று, பழைய கரைக்கோட்டையே என்பது என் கருத்து.

பூம்புகாரை எடுத்துக்கொள்வோம். இந்திர விழா நின்றதால் கடல் பொங்கிப் புகாரை அழித்தது என்கிறது மணிமேகலை. அந்த நினைவை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் தேடிப் பார்த்தவர்களுக்குத் தெரிந்தது ஒரே நாளில் நிகழ்ந்த அழிவு அன்று. 1962-63இல் இந்தியத் தொல்லியல் துறை கீழையூரில் அகழ்ந்தபோது, பெரிய செங்கற்களால் கட்டிய படகுத்துறையும், அதை ஒட்டிப் படகு கட்ட நட்டிருந்த மரத்தூண்களின் அடிப்பகுதியும் வெளிப்பட்டன. அவை ஏறக்குறைய கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அந்தத் துறை கிடைத்தது கடலுக்குள் அன்று, தரையில். பின்னர் தொல்லியலாளர் எஸ்.ஆர். ராவ் வழிகாட்டலில் கோவாவின் தேசியக் கடலாய்வு நிறுவனம் நீருக்குள் இறங்கியது. வானகிரிக் கரையில், அலை ஏறி இறங்கும் இடத்தில், சுடுமண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய உறைகிணறுகள் தென்பட்டன. குடிநீருக்காக உறை இறக்குகிறவர் உப்பலை புரளும் இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார். அந்தக் கிணறுகள் தோண்டப்பட்ட நாளில் கரை இன்னும் கிழக்கே இருந்திருக்க வேண்டும். தங்கப் புதையலைவிட அந்த உறைகளையே நான் பெரிய சான்றாகக் கொள்வேன்.

கரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தொலைவில், 23 மீட்டர் ஆழத்தில், குதிரை லாட வடிவில் ஓர் அமைப்பு 1990களில் கண்டறியப்பட்டது. உடனே அதைப் புகாரின் மாளிகை என்று சொல்ல ஆசைப்பட்டவர் உண்டு. கடல்மட்டம் இன்றைக்கு 23 மீட்டர் கீழே இருந்த காலம் ஏறத்தாழ பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டது. சங்ககாலப் பட்டினத்தை அங்கே கொண்டுபோய் வைக்க முடியாது. அது மனிதர் கட்டியதா, இயற்கைப் பாறையா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். சேறு கலங்கிய அந்தக் கடலில் முக்குளிப்பவர் கல்லைக் கண்ணால் காண்பதைவிடக் கையால் தடவித்தான் அறிகிறார் என்பதையும் மறந்துவிடக் கூடாது. அதே கடலில் மூழ்கிக் கிடந்த ஒரு கப்பலிலிருந்து ஈயக் கட்டிகள் கிடைத்தன. அவற்றில் 1791, 1792 என்ற ஆண்டுகளும் பிளாக்கெட் என்ற ஆங்கிலப் பெயரும் பொறிக்கப்பட்டிருந்தன. கடலின் அடித்தரையில் நூற்றாண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்து கிடக்கும்.

கரை ஏன் உள்வாங்கியது? காவிரியின் நீர் பெரும்பாலும் கொள்ளிடம் வழியே திரும்பிய பிறகு, புகாரருகே கடலில் சேரும் கிளை மெலிந்தது. ஆற்று மணல் வந்து சேராத கரையை அலை அரித்துக்கொண்டே வந்தது. அது எப்படி நடக்கும் என்பதைத் தரங்கம்பாடியில் கண்ணாரக் காணலாம். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் சிறிது சிறிதாகவே அரித்துத் தின்றது.

கொற்கையில் நடந்தது இதற்கு நேர்மாறு. பெரிப்ளூஸ் என்னும் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு முத்துக்குளிக்கும் பாண்டிய நாட்டு ஊராகக் குறிக்கும் அந்தத் துறை, இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே, வாழைக்கும் நெல்லுக்கும் நடுவே இருக்கிறது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் கடலைத் தள்ளிவிட்டது. 1968-69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே அகழ்ந்தது. அங்குக் கிடைத்த கரித்துண்டில் எஞ்சிய கதிரியக்கக் கரிமத்தை அளந்து வயதைக் கணித்தபோது, அந்தக் கரிமக் கணிப்பு கி.மு. 785 என வந்தது. ஒரே கடற்கரையில் ஒரு துறைமுகம் அரிப்பால் போனது, மற்றொன்று தூர்ந்து போனது.

அழகன்குளத்தில் ரோமானியக் காசுகளும், கப்பல் உருவம் கீறிய பானை ஓடும் கிடைத்துள்ளன. ஆற்றங்கரை என்றே பெயர் கொண்ட ஊர் அருகில் வைகை கடலைச் சேர்கிறது. இன்று பெரும்பாலான ஆண்டுகளில் அதன் நீர் இராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடுகிறது என்பது நமக்குத் தெரிந்த வருத்தம். ஆகவே அங்கே முதலில் அனுப்ப வேண்டியது முக்குளிப்பவரை அன்று. செயற்கைக்கோள் படங்களில் வைகையின் பழைய தடங்களைக் குறித்துக்கொண்டு, அந்தத் தடங்கள்மீது கரையிலிருந்து உள்நாடு நோக்கி வரிசையாகத் துளையிட்டு, மண்ணடுக்குகளை உடையாமல் வெளியே எடுக்க வேண்டும். கருங்களியும் கடற்சிப்பியும் நுண்ணுயிர் ஓடுகளும் எந்த ஆழத்தில் நின்று ஆற்று மணல் எங்கே தொடங்குகிறது என்று பார்த்து, அந்தச் சிப்பிகளுக்குக் கரிமக் கணிப்பு செய்தால், எந்த நூற்றாண்டில் கரை எங்கே இருந்தது என்பது தெரியவரும். அந்தக் கோடு இன்றைய கடலுக்குள் போகும் இடங்களில் மட்டும் ஒலியலைக் கருவியைப் படகில் ஏற்றினால் போதும்.