துடிப்பு மாறட்டும், அழுத்தம் நிற்கட்டும்

மதுரை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

மருத்துவப் படிப்பின் முதலாண்டில் உடலியல் என்று ஒரு பாடம் உண்டு. உடம்பு எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லிக்கொடுக்கும் பாடம். அதை நடத்துவதுதான் என் வேலை. அதில் தொடக்கத்திலேயே வருவது ஹோமியோஸ்டாசிஸ், அதாவது உடலின் சமநிலை. வெளியே வெயிலோ மழையோ, விருந்தோ விரதமோ, உடம்புக்குள்ளே சில அளவுகள் ஓர் எல்லையைத் தாண்டாமல் நிற்கும். ரத்தத்தில், உப்பில் இருக்கும் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல். உள்வெப்பம் 37 டிகிரியை ஒட்டி. இப்படிச் சில.

வாய்மொழித் தேர்வில் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. "உடம்பு காப்பாற்றி வைத்திருக்கும் அளவுகள் நாலு சொல்லுங்க." பதில் மடமடவென்று வரும்: "டெம்பரேச்சர், சுகர், பி.பி., ஹார்ட் ரேட், மேடம்." முதல் மூன்றும் சரி. நாலாவதில் பிடித்துக்கொள்வேன். மாடிப்படி ஏறினால் இதயத்துடிப்பு 70-லிருந்து 120-க்குப் போகிறதே, அப்போது உடம்பு எதைக் காப்பாற்றியது? பிள்ளைகள் முழிப்பார்கள். துடிப்பை உடம்பு காப்பாற்றுவதில்லை. ரத்த அழுத்தத்தைக் காப்பாற்றத்தான் துடிப்பை ஏற்றி இறக்குகிறது. பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் போய்விடுகிற விஷயம். ஆனால் இது பிடிபடாவிட்டால் மீதிப் பாடம் வெறும் மனப்பாடம்தான்.

வீட்டில் ஃபிரிட்ஜுக்கு ஸ்டெபிலைசர் வைத்திருப்பீர்கள். கோடையில் கரண்ட் 170 வோல்ட்டுக்கு இறங்கும், திடீரென்று ஏறும். அப்போதெல்லாம் அந்தப் பெட்டிக்குள் 'டக், டக்' என்று சத்தம் கேட்கும். சத்தம் வருகிறதே என்று யாரும் மெக்கானிக்கைக் கூப்பிடுவதில்லை. அது தன் வேலையைச் செய்கிறது என்று நமக்குத் தெரியும். உடம்பு விஷயத்தில்தான் 'டக்' என்று கேட்டதுமே பயந்துவிடுகிறோம். கையில் கட்டிய வாட்ச் 118 காட்டுகிறது என்று ராத்திரி பத்து மணிக்கு எனக்குப் போன் வருகிறது. என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டால், தண்ணீர்க் குடத்தை மாடிக்குத் தூக்கிப் போனாராம். தூக்கிய பிறகும் 70-லேயே நின்றிருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

ஆய்வகத்தில் நாங்கள் செய்யும் எளிய சோதனை ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மாணவரை மேசையில் மல்லாந்து படுக்கவைத்து, இ.சி.ஜி. ஒயர்களை மாட்டிச் சிறிது நேரம் அமைதியாக விடுவோம். பிறகு "எழுந்து நில்லுங்க" என்போம். எழுந்த மாத்திரத்தில் அரை லிட்டருக்கும் மேலான ரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடும். மூளைக்குப் போகும் ரத்தம் குறைய வேண்டும், ஆள் சுருண்டு விழ வேண்டும். விழுவதில்லை. தாடைக்குக் கீழே, கழுத்து ரத்தக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் வளைவிலும் இருக்கின்றன. அழுத்தம் குறைந்த சேதி அங்கிருந்து மூளையின் அடிப்பகுதியான முகுளத்துக்குப் போகிறது. ஓரிரு விநாடியில் துடிப்பு எகிறுகிறது, கால் ரத்தக்குழாய்கள் இறுகுகின்றன. இ.சி.ஜி. தாளை மேசையில் விரித்து ஸ்கேலை வைத்து அளப்போம். எழுந்ததிலிருந்து ஏறத்தாழ 15-ஆவது துடிப்பில், துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே உள்ள இடைவெளி மிகக் குறுகியிருக்கும். 30-ஆவது துடிப்பு வாக்கில் மறுபடி அகன்றிருக்கும். நின்றுகொண்டிருக்கும் மாணவருக்கோ எதுவும் தெரியாது. "ஒண்ணுமே ஆகலையே மேடம்" என்பார். அத்தனையும் நடந்ததால்தான் ஒண்ணும் ஆகவில்லை.

வயதானால் இந்த ஏற்பாடு மந்தமாகிறது. நீண்டநாள் சர்க்கரை நோய் அந்த நரம்புகளைக் கெடுத்துவிடும். சில பி.பி. மாத்திரைகளும் அதைத் தாமதப்படுத்தும். நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் அழுத்தம், அதாவது பி.பி.யில் முதலில் சொல்லும் எண், 20 புள்ளி குறைந்தால் அது கவனிக்க வேண்டிய விஷயம். ராத்திரி பாத்ரூம் போக எழுந்திருக்கும் பெரியவர்கள் கட்டிலில் உட்கார்ந்து, காலை நாலு முறை ஆட்டிவிட்டு, அப்புறம் நிற்பது நல்லது.

உடலின் சமநிலை என்ற இந்த எண்ணத்துக்குப் பின்னால் இரண்டு உடலியல் அறிஞர்கள் இருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சின் கிளாட் பெர்னார், செல்கள் வாழ்வது நாம் சுவாசிக்கும் காற்றில் அல்ல, உடம்புக்குள்ளேயே இருக்கும் ஒரு திரவச் சூழலில் என்றார். அந்தச் சூழல் நிலையாக இருக்க வேண்டும் என்றும் சொன்னார். அமெரிக்காவின் வால்டர் கேனன் 1926-இல் அதற்கு ஹோமியோஸ்டாசிஸ் என்று பெயர் வைத்தார்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். சித்திரை மாதம் அழகர் ஆற்றில் இறங்கும் நாளில், உச்சிப் பொழுதில் வைகைக் கரையில் நின்றவர்களுக்குத் தெரியும். வெயில் 40 டிகிரியைத் தொட்டு நிற்கும். நம் தோலின் வெப்பம் சுமார் 35. வெளிக்காற்று தோலைவிடச் சூடாக இருக்கும்போது, உடம்புச் சூட்டை வெளியேற்ற ஒரே வழி வியர்வை ஆவியாவதுதான். ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பம் போகும். 'ஆவியானால்' என்பது முக்கியம். கூட்டத்தின் நடுவே காற்றோட்டம் இல்லாத இடத்தில் வியர்வை சொட்டும், ஆவியாகாது. சொட்டுகிற வியர்வையால் உடம்பு குளிராது, தண்ணீரும் உப்பும்தான் நஷ்டம்.

தோல் பையில் தண்ணீரை நிரப்பிக் கள்ளழகர் மீது பீய்ச்சுகிறார்களே, அந்த நேர்த்திக்கடன் தண்ணீர் சுற்றி நிற்பவர்கள் மீதும் கொஞ்சம் விழும். விழுந்த தண்ணீர் தோலிலிருந்து ஆவியாகும்போது வியர்வையின் வேலையைத்தான் செய்கிறது. உடம்பின் உப்பும் செலவாகவில்லை, தண்ணீரும் செலவாகவில்லை. ஓர் உடலியல் ஆசிரியைக்கு அந்தக் கூட்டத்தில் நிற்கும்போது இது தோன்றாமல் இருக்காது. பந்தலில் கொடுக்கும் நீர்மோரும் அப்படித்தான், அதில் உப்பு இருக்கிறது. வியர்த்துக் கொட்டியவர் வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடித்தால் ரத்தத்தின் சோடியம் குறைந்துபோகும். இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் உப்பு, தண்ணீர் விஷயத்தில் தங்கள் மருத்துவர் சொன்ன அளவோடு நிற்க வேண்டும்.

இந்த நேரத்தில் சிறுநீர் குறைந்து மஞ்சளாகப் போகும். ஒரு நாளில் சிறுநீரகங்கள் வடிகட்டும் திரவம் சுமார் 180 லிட்டர். அதில் வழக்கமாக ஒன்றரை லிட்டர்தான் வெளியே வரும். தண்ணீர் குறைந்தால், மூளையின் உத்தரவுப்படி அதையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். தாகமும் அதே உத்தரவின் இன்னொரு பக்கம்.

கூட்டங்களில் பேசி முடித்ததும் பெண்கள் வந்து கேட்பார்கள்: "மனசு எப்பவும் அமைதியா இருக்க என்ன செய்யணும் மேடம்?" எனக்கு இந்த 'எப்பவும்' பிடிப்பதில்லை. தேர்வுக்கு வரும் மாணவியின் விரல் ஜில்லென்றிருக்கும், வாய் உலர்ந்திருக்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஆபத்தில் உடம்பு இப்படித் தயாராவதையும் ஆராய்ந்தவர் அதே கேனன்தான். அது நோயில்லை. அறையை விட்டு வெளியே போய், தோழியோடு ஒரு டீ குடித்ததும் இறங்கிவிடுகிறதா என்பதுதான் கேள்வி. இறங்காமல் மாதக்கணக்கில் அந்தத் தயார்நிலையிலேயே இருந்தால் உடம்பு அதற்கு விலை கொடுக்கிறது. தூக்கம் போகிறது, சர்க்கரை ஏறுகிறது, அழுத்தம் ஏறுகிறது. புரூஸ் மெக்கியூவன் என்ற நரம்பியல் அறிஞர் 1990-களில் இந்தத் தேய்மானத்தைப் பற்றி விரிவாக எழுதினார்.

இறங்க உதவுவதில் நான் முதலில் சொல்வது தூக்கம். தூங்கா நகரம் என்பது நமக்குப் பெருமைதான், நள்ளிரவில் சூடாக இட்லி கிடைக்கும் ஊர். ஆனால் உடம்புக்கு ஒரு கடிகாரம் இருக்கிறது. உள்வெப்பம் விடியலுக்கு முன் நாலு, ஐந்து மணி வாக்கில் மிகக் குறைந்து, மாலையில் ஏறும். வித்தியாசம் அரை டிகிரி முதல் ஒரு டிகிரி வரை. காக்கப்படும் அளவுகூட நேரத்துக்கு நேரம் நகர்கிறது. அந்த நேரத்தில் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர் உடம்பை எதிர்த்து வேலை செய்கிறார். ராத்திரி சாப்பிட்ட சாப்பாட்டின் சர்க்கரையைப் பகலில் போலச் சுருக்காக உடம்பால் கையாள முடியாது. பிழைப்புக்காக விழிப்பவரிடம் விழிக்காதே என்று சொல்ல எனக்கு மனசு வராது. பகலில் தூங்கும் நேரத்தையாவது தினமும் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள், அறையை இருட்டாக்குங்கள், அந்த நேரத்தில் வீட்டார் எழுப்பாமல் இருக்கட்டும். செல்போனை எங்கு வைப்பது என்று நான் சொல்லத் தேவையில்லை.

கடைசியாக ஒன்று. "உடம்பு சொல்வதைக் கேளுங்கள், அதற்கு எல்லாம் தெரியும்" என்று இப்போது பலரும் பேசுகிறார்கள். பாதிதான் உண்மை. கழுத்தில் அழுத்தத்தைக் கண்காணிக்கும் நரம்பு முனைகளைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அழுத்தம் உயர்ந்து சில நாட்கள் அங்கேயே நின்றுவிட்டால், அவை அந்த உயர்ந்த அளவையே வழக்கமானது என்று எடுத்துக்கொள்கின்றன. பிறகு 160-ஐ, முன்பு 120-ஐக் காத்த அதே அக்கறையோடு காக்கின்றன. தலைசுற்றாது, வலிக்காது, உடம்பு எதுவும் சொல்லாது. "எனக்கு ஒண்ணுமே இல்லையே தாயி, நல்லாத்தானே இருக்கேன்" என்று பெரியவர்கள் என்னிடம் சொல்வது பொய்யில்லை. அவர்களுக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரிவதில்லை.

அதனால் முப்பது வயதைத் தாண்டியவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். கிராமங்களில் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள், மாத்திரையும் தருகிறார்கள். அழுத்தம் பார்க்கும் முன் ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காருங்கள், அந்த நேரத்தில் பேச வேண்டாம், கை இதயத்தின் உயரத்தில் இருக்கட்டும். மாத்திரை சாப்பிட்டு 120-க்கு வந்ததும் "சரியாயிருச்சு" என்று நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய. அந்த 120 மாத்திரை தந்தது. குறைப்பதோ நிறுத்துவதோ எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.