அகுவேரோ நின்ற இடத்தில் ஹாலண்ட்

எல்லோருக்கும் வணக்கம்.

இங்கிலாந்துக் கால்பந்து கிளப்பான மான்செஸ்டர் சிட்டியின் ரசிகர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும், அந்த கிளப்புக்குக் கோல் அடித்துக் குவித்த இருவரில் யார் பெரியவர், அகுவேரோவா ஹாலண்டா என்றுதான் கடைசியில் வந்து நிற்கும். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோல் அடிக்கிற வேலையில் ஹாலண்ட்தான் பெரிய ஆள். ஆனால் மேட்ச் கையை விட்டுப் போகிற நேரத்தில் பந்து யார் காலில் இருக்க வேண்டும் என்று கேட்டால், நான் இன்றும் அகுவேரோ பெயரைத்தான் சொல்வேன்.

2012 மே 13-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸுடன் கடைசி லீக் மேட்ச், 90 நிமிடம் முடிந்தபோது சிட்டி 1-2 பின்தங்கி இருக்கிறது, லீக் பட்டம் வாங்கி 44 வருஷம் ஆகிவிட்டது. சிட்டியின் ஜெகோ தலையால் முட்டி 2-2 ஆக்கினார். அப்புறம் வந்த, பட்டத்தை வாங்கித் தந்த அகுவேரோவின் அந்த கோலை எல்லோரும் பார்த்திருப்போம், ஆனால் உதைக்கு முந்தைய சில நொடிகளைக் கவனித்துப் பாருங்கள். அகுவேரோ கீழே இறங்கி வந்து பந்தை வாங்குகிறார், பாலோடெல்லியிடம் கொடுத்துவிட்டு நிற்காமல் ஓடுகிறார், பாலோடெல்லி விழுந்துகொண்டே பந்தைத் தள்ளிவிடுகிறார். அகுவேரோ உடனே அடித்திருக்கலாம், அடிக்கவில்லை. ஒரு டச் கூடுதலாக எடுத்து, காலை நீட்டி வந்த டிஃபெண்டரைத் தாண்டி, அதற்குப் பிறகுதான் உதைத்தார். அத்தனை பதற்றத்தில் அந்த ஒரு டச்சுக்கு எவ்வளவு நிதானம் வேண்டும்!

2019 ஜனவரியில் லிவர்பூலுக்கு எதிராகவும் அதேதான். இடமே இல்லாத கோணத்திலிருந்து, இடது காலால், கோல்கீப்பர் அலிசனுக்கும் பக்கத்துக் கம்பத்துக்கும் நடுவில் மேலே தூக்கி அடித்தார். 2-1 என்று சிட்டி ஜெயித்தது. அந்த சீசனில் லிவர்பூல் லீக்கில் தோற்றது அந்த ஒரு மேட்ச்தான், சிட்டி பட்டம் வாங்கியது ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில்.

சரி, ஹாலண்டுக்கு வருவோம். பந்தைத் தொடவே மாட்டார், சும்மா நிற்கிறார் என்று சொல்கிறார்கள். எனக்கு இது சுத்தமாகப் பிடிக்காத பேச்சு. அவர் நிற்பது டிஃபெண்டரின் முதுகுக்குப் பின்னால், அந்த டிஃபெண்டர் பந்தையும் இவரையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாத இடத்தில். 2022 செப்டம்பரில், தன் பழைய கிளப்பான ஜெர்மனியின் டார்ட்மண்டுக்கு எதிராக, சிட்டியின் கான்செலோ காலின் வெளிப்பக்கத்தால் அனுப்பிய கிராஸை இடது காலைத் தலை உயரத்துக்குத் தூக்கிக் கோலாக்கினாரே, அதை சும்மா நிற்கிறவர் அடிக்க முடியுமா? 195 சென்டிமீட்டர் உடம்பு அப்படி வளைந்தது! முதல் சீசனிலேயே லீக்கில் 36, எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 52. அந்த வருஷம் மூன்று கோப்பைகள்.

ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். ஹாலண்ட் வந்து சேர்ந்தது ஏற்கெனவே ஜெயித்துப் பழகிய அணி, பந்து அவரைத் தேடி வரும். அகுவேரோ 2011-இல் வந்தபோது சிட்டிக்கு அந்தப் பழக்கமே இல்லை, பல நாள் வாய்ப்பையும் அவரே உண்டாக்கி கோலையும் அவரே அடிக்க வேண்டியிருந்தது. அதோடு, பயிற்சியாளராக குவார்டியோலா வந்தபின், முன்வரிசையிலிருந்தே ஓடிப் பந்தைப் பறிக்க வேண்டும் என்றபோது, 28 வயதில், கிளப்பின் நாயகனாக இருந்துகொண்டே தன் ஆட்டத்தை மாற்றிக்கொண்டார். எனக்கு அவர்மேல் மரியாதை இன்னும் கூடியது அப்போதுதான்.

2021 மே மாதம் எவர்டனுடன், சிட்டிக்காக அவருடைய கடைசி லீக் மேட்ச். மாற்று ஆட்டக்காரராக வந்து இரண்டு கோல் போட்டார். அவரைப் பற்றிப் பேசும்போது குவார்டியோலா அழுதுவிட்டார். அதே வருஷம் டிசம்பரில் இதயத் துடிப்புப் பிரச்சினையால் ஆட்டத்தையே விட வேண்டியதாயிற்று, வயது 33.

சிட்டிக்காக அவர் அடித்தது 260 கோல். ஹாலண்டுக்கு 2034 வரை ஒப்பந்தம் இருக்கிறது, உடம்பு ஒத்துழைத்தால் தாண்டிவிடுவார் என்றே நம்புகிறேன். அந்த 261-ஆவது கோல் விழும்போது நானும் எழுந்து நின்று கத்துவேன். நன்றி.